முன்வரிசை பேய்களுக்கு

கோலா கெத்தில்,
20 ஆகஸ்டு 2024

தங்கை பிரேமாவதிக்கு,

நான் வாய் மூடி இருந்தது போதும். உன் நலம் விசாரிப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன். நலம் விசாரித்தால் கோபம் தணிந்துவிடும், தணிய எனக்கு விருப்பமில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமாகத்தான் இருப்பீர்கள். சனிக்கிழமை நேரிலேயே பார்த்தேன்.

போனில் பேசக்கூடாதா என்பாய். போனில் நீ அழுவாய், நான் கத்துவேன், கடைசியில் யார் என்ன சொன்னோம் என்பதே தெரியாமல் போகும். எழுதினால் எழுதியது நிற்கும்.

உன் மகள் ஷீலாவின் நாடகத்துக்கு நீதான் அழைத்தாய். பழைய பேய்ப் படங்களையெல்லாம் கலந்து பாட்டும் ஆட்டமுமாக ஒரு கூத்து, சிரித்து வயிறு புண்ணாகும் என்றாய். புக்கிட் செலம்பாவ் மண்டபத்துக்கு வந்தேன். முதல் வரிசை முழுக்கக் காலியாக இருந்தது. நாற்காலிகளுக்குச் சிவப்புத் துணி போர்த்தியிருந்தார்கள். நம் ஊர் நிகழ்ச்சிகளில் துணி போர்த்திய நாற்காலி யாருக்கு என்பது எனக்குத் தெரியும். யாரோ பிரமுகர் வருவதாகச் சொல்லி வராமல் போயிருக்கலாம் என்று நினைத்தேன். தமிழ்ப்பள்ளியில் பாதி ஆயுளைக் கழித்தவன், சொந்தமாக நாடகங்கள் எழுதி மேடையேற்றியவன், ஒருநாளாவது அங்கே உட்கார்ந்தால் தப்பில்லை என்று உட்கார்ந்தேன். மண்டபமே சிரித்தது. என்னைப் பார்த்துத்தான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பிறகு பச்சை விளக்கு எரிந்தது. முகமெல்லாம் மாவு பூசிய பேய் மேடையிலிருந்து இறங்கி என் முன்னால் நின்றது. உன் மகள்தான். "முன்வரிசையில உக்காந்திருக்கீங்க. எப்ப செத்தீங்க மாமா?" என்று மைக்கில் கேட்டாள். என் கழுத்தில் மாலை போட்டாள். என்னை மாப்பிள்ளையாக்கி, என்னைச் சுற்றி வந்து ஒரு பாட்டே பாடினாள். சனம் விசிலடித்தது. திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் நீ, வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாய்.

நம் ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதைப் பற்றி நான் எழுதிய நாடகத்துக்கும் நீ வந்தாய். இடைவேளையில், பஸ் போய்விடும் என்று எழுந்து போனாய். பேய்க்கு மட்டும் கடைசிவரை உட்கார முடிந்திருக்கிறது.

ஷீலா என் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். டிசம்பரில் சுங்கை பட்டாணியில் மறுபடி போடப்போகிறார்களாம். அது நடக்கக் கூடாது. நடத்தினால், பெர்மிட் கொடுக்கும் அலுவலகத்துக்கு ஒரு சூராட் லாயாங் போதும். பெயரில்லாமல் பறந்து வரும் கடிதத்தைக் கண்டால் இந்த நாட்டில் எந்த அதிகாரியும் கோப்பைத் திறக்காமல் இருக்கமாட்டான்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

கோபம் ஆறாத அண்ணன்,
சிவநேசன்


புக்கிட் செலம்பாவ்,
2 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். இங்கே எல்லாரும் சுகம். உங்களுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? தேவகி அண்ணியின் முழங்கால் வலி குறைந்ததா? கிளினிக் மருந்து கேட்கவில்லையென்றால் சொல்லுங்கள், எங்கள் கையுறைத் தொழிற்சாலையில் ஒருவருக்குத் தெரிந்த வைத்தியர் இருக்கிறார்.

அந்த முன்வரிசை உங்களை அவமானப்படுத்தப் போட்டதல்ல அண்ணே. சீனர்கள் ஏழாம் மாதத்தில் மேடை போட்டுப் பாட்டுக் கச்சேரி வைப்பார்களே, அதில் முதல் வரிசையைச் செத்துப்போனவர்களுக்கென்று காலியாக விடுவார்கள். ஷீலாவின் கூட்டாளிகளில் ஒரு சீனப்பெண் இருக்கிறாள், அவள் யோசனை அது. வாசலில் அட்டை எழுதி வைத்திருந்தார்கள். நீங்கள் பக்கவாசல் வழியாக வந்திருக்கிறீர்கள். யார் உட்கார்ந்தாலும் பேய் வந்து மாலை போடும் என்பதுதான் ஏற்பாடு.

ஷீலாவிடம் உங்கள் கோபத்தைச் சொன்னேன். "ஐயோ, மாமா எவ்ளோ கெத்தா உக்காந்திருந்தாரு தெரியுமாம்மா? அந்த ஷோவுலயே பெஸ்ட் சீன் அவர்தான்லா" என்றாள். மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். வருவாள்.

நான் சிரித்ததாக எழுதியிருக்கிறீர்கள். என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பச்சை விளக்கில் உங்களுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்ததா? ஷீலா அவ்வளவு பக்கத்தில் வந்து நின்றபோது என்ன பார்த்தீர்கள்? கண்ணாடி போட்டிருந்தீர்களா? மறக்காமல் எழுதுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை,
பிரேமாவதி


கோலா கெத்தில்,
9 செப்டம்பர் 2024

பிரேமாவதிக்கு,

சர்க்கரை ஏறித்தான் இருக்கிறது. அண்ணியின் முழங்காலும் அப்படியேதான். வைத்தியர் வேண்டாம்.

நீ சொன்ன விளக்கம் எனக்குப் போதாது. சீனர்கள் தங்கள் செத்தவர்களுக்கு மரியாதையாக விடும் இடத்தை, உன் மகள் உயிரோடிருக்கும் மாமனைக் கேலி செய்ய எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதை யாரோ போனில் எடுத்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். நேற்று நூர்தீன் கடைக்கு டீ குடிக்கப் போனேன். வழக்கம்போலச் சீனி குறைவாக என்றேன்.

"இனிமே சீனி எதுக்கு சார் கொறைக்கணும்? செத்தவங்களுக்கு ஏது சர்க்கரை?" என்றான் நூர்தீன்.

கடையே சிரித்தது. பக்கத்து மேசையில் லோரி ஓட்டும் ஒருவன், "மாப்ள, பொண்ணு வூட்டுக்கு எப்பப் போறீங்க? சுடுகாட்டுக்கு நான் வேணா கொண்டுபோய் விடறேன்" என்றான். நானும் சும்மா இருக்கவில்லை. அந்த நாடகத்தை நிறுத்தக் கடிதம் எழுதப்போகிறேன் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். "எழுதுங்க சார், பேய்க்கு மலாய்ல எழுதுறப்ப அரபு மாதிரி ஜவி எழுத்துல எழுதுவீங்களா, ஏபிசி ரூமியிலயா?" என்றான் நூர்தீன். டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

நீ கேட்டதற்குப் பதில்: அவள் மாலை போட்டபோது கண்ணாடி தட்டிக் கீழே விழுந்தது. பச்சையாக ஓர் உருவமும் அதன்மேல் வெள்ளையாக ஒரு முகமும் தெரிந்தன. அதற்கு மேல் அதில் பார்க்க என்ன இருக்கிறது? பாட்டு முடிந்ததும் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஷீலா இன்னும் வரவில்லை. புகார் எழுதுவதற்கான தாள் மேசைமேல் இருக்கிறது.

அண்ணன்,
சிவநேசன்


புக்கிட் செலம்பாவ்,
15 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் நலனுக்குச் சாமியை வேண்டுகிறேன். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். தொழிற்சாலையில் இரவு வேலை போட்டுவிட்டார்கள்.

சுங்கை பட்டாணி நாடகம் டிசம்பர் விடுமுறையில்தான். மண்டபம் பேசிவிட்டார்கள். ஷீலா தினமும் ஒத்திகைக்குப் போகிறாள். அவளை நிறுத்த என்னால் முடியவில்லை. நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

நீங்கள் அந்தக் கடிதத்தை எழுதுவதென்றால் எழுதுங்கள் அண்ணே. நான் தடுக்கமாட்டேன்.

அண்ணியை மழையில் நனைய விடாதீர்கள்.

தங்கை,
பிரேமாவதி


கோலா கெத்தில்,
27 அக்டோபர் 2024

பிரேமாவதிக்கு,

தீபாவளிக்கு வரமாட்டோம். அண்ணிக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லிக்கொள். அதுவும் உண்மைதான். முறுக்கு அனுப்ப வேண்டாம், எனக்கு ஆகாது.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். சின்ன வயதிலிருந்து உன்னை எனக்குத் தெரியும். ஷீலாவை நான் ஒரு வார்த்தை சொன்னால் சண்டைக்கு வருகிறவள் நீ. அவள் நாடகத்தை நிறுத்தப்போகிறேன் என்கிறேன், நீ தடுக்கமாட்டேன் என்கிறாய். இது உன் பேச்சு இல்லை. என்ன நடக்கிறது?

நான் இன்னும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால், மாலை போட்ட கிழவன் புலம்புகிறான் என்றுதான் அந்த அதிகாரி நினைப்பான் என்று தோன்றுகிறது. அந்தச் சிரிப்பை அலுவலகத்திலும் ஒருமுறை கேட்க எனக்குத் தெம்பில்லை.

பதில் போடு.

அண்ணன்,
சிவநேசன்


கோலா கெத்தில்,
21 நவம்பர் 2024

பிரேமாவதிக்கு,

நீ பதில் போடவில்லை. உன் பதில் வேறு வழியாக வந்து சேர்ந்தது. உடம்பைப் பார்த்துக்கொள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இதைப் படித்த பிறகு உனக்குத் தூக்கம் வராது.

வெள்ளிக்கிழமை ஷீலா மோட்டாரில் வந்தாள். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டே கேட்டாள்.

"ஏன் மாமா இப்படிப் பண்ணீங்க?"

"என்ன பண்ணேன்?"

"போதும்லா மாமா. எழுதப்போறேன்னு நீங்கதான் நூர்தீன் அங்கிள் கடையில சவால் விட்டீங்க. இப்பப் பெர்மிட்ட நிறுத்தி வச்சிட்டாங்க. சந்தோசமா?"

தேவகி உள்ளேயிருந்து, "உள்ள வாடி, சாப்புட்டுப் பேசலாம்" என்றாள்.

"வேணாம் அத்தை. இந்த வீட்டுத் தண்ணிகூட வேணாம்."

அலுவலகத்துக்கு வந்த சூராட் லாயாங்கின் நகல் அவள் கையில் இருந்தது. மலாயில் தட்டெழுத்து, பெயர் கிடையாது. அக்டோபர் முதல் வாரம் வந்ததாக முத்திரை. தனக்குப் புரிந்தபடி தமிழில் மாற்றி எனக்குப் படித்துக் காட்டினாள். இந்துக்களின் மனம் புண்படுகிறது, பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று வழக்கமாக எழுதுவதுதான். கடைசியில் ஒரு வரி: "இறந்துபோன ஒரு பெண்ணின் நிச்சயதார்த்தச் சேலையை உடுத்திக்கொண்டு கூத்தாடுகிறார்கள்."

"இது என்ன புதுக் கதை மாமா? அம்மா அலமாரியில அடியில கெடந்த பழைய சேல அது. படத்துப் பேயெல்லாம் வெள்ளச் சேல. நம்ம எஸ்டேட்டுல மஞ்சச் சேலைப் பேய்னு எல்லாரும் சொல்வாங்கல்ல, அதான் மஞ்சளா தேடுனேன். ஒரு கேலிக்கூத்த நிறுத்த இவ்ளோ பொய்யா?"

"நான் எழுதல ஷீலா."

"அப்ப யாரு எழுதுனா? பேயா?"

போய்விட்டாள்.

பச்சை விளக்கில் மஞ்சள் எனக்குத் தெரியவில்லை பிரேமா. கண்ணாடி கீழே கிடந்தது. அது நம் கூடப்பிறந்த இராசாத்தி அக்காவின் சேலை. அக்கா நிச்சயம் முடிந்த கையோடு களைக்கொல்லியைக் குடித்தாள். அப்பா ஊருக்கு விஷக்காய்ச்சல் என்றார். நாமும் அப்படியே சொன்னோம், ஷீலாவுக்கும் அப்படியே சொல்லி வளர்த்தோம். ஆனால் தோட்டத்தில் யாரும் நம்பவில்லை. நிச்சயத்தன்று அவள் கட்டியிருந்த சேலையை எல்லாரும் பார்த்திருந்தார்கள். ரப்பர் பால்மரக் காட்டில் மஞ்சள் சேலையில் ஒருத்தி நிற்கிறாள் என்று கதை கட்டினார்கள். உன் மகள் அந்தக் கதையைக் கேட்டு, அந்தச் சேலையையே தேடி எடுத்துக் கட்டிக்கொண்டு ஆடியிருக்கிறாள், அது யாருடையது என்று தெரியாமல்.

அந்தச் சேலையை நீ வைத்திருப்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான் எழுதவில்லை.

சிவநேசன்


புக்கிட் செலம்பாவ்,
25 நவம்பர் 2024

மாமாவுக்கு,

வணக்கம். நீங்களும் அத்தையும் நலம் என்று நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. போனில் உங்களை பிளாக் செய்துவிட்டேன், அதனால்தான் இது.

வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டு வாசலில் நின்று கத்தியது தவறு. அத்தையிடம் மன்னிப்புச் சொல்லுங்கள். உங்களிடம் இல்லை.

நீங்கள் பார்த்தது மாலையும் சிரிப்பும் மட்டும்தான். எழுந்து போய்விட்டீர்கள். பிற்பாதியில் அந்தப் பேய் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும். என்னைக் கேட்காமல் ஏன் எனக்கு மாப்பிள்ளை பார்த்தீர்கள் என்று அப்பாவைக் கேட்கும். எல்லாம் பாட்டாக, சிரிப்பாகத்தான். சனம் கைதட்டித் தாளம் போட்டது. நாடகம் முடிந்ததும் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் வெளியே ஹாரன் அடிக்க அடிக்க, சில அக்காமார் உள்ளே வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். சிரித்துச் சிரித்து அவர்களுக்குக் கண் கலங்கியிருந்தது. ஒருவர் சொன்னார்: "அந்தப் பேய் கேட்டுச்சே, அத நான் உசுரோட இருக்கறப்பவே கேட்டுடணும்டி." அதற்காகத்தான் இதை மறுபடி போடவேண்டும் என்று நினைக்கிறேன்.

புகார் செய்தவரே திரும்பப் பெற்றால் கோப்பை மூடிவிடலாம், இல்லையென்றால் விசாரணை முடிய அடுத்த வருடம் ஆகும் என்கிறார் அதிகாரி. இந்த மண்டபம் போனால் எங்கள் குழு நிற்காது. பாதிப் பேர் ஜனவரியில் சிங்கப்பூர் வேலைக்குப் போகிறார்கள்.

உங்களால்தான் முடியும். செய்வீர்களா என்று எனக்குத் தெரியாது.

ஷீலா


புக்கிட் செலம்பாவ்,
8 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும்.

நான்தான் எழுதினேன். தொழிற்சாலை ஆபீஸ் கணினியில், இரவு வேலையின் சாப்பாட்டு நேரத்தில்.

அன்றைக்கு நான் சிரிக்கவில்லை அண்ணே. பேய் மேடைக்கு வந்ததும் சேலைக்கரையில் இருந்த மாங்காயைப் பார்த்துவிட்டேன். பச்சை விளக்கு எனக்கு ஒன்றையும் மறைக்கவில்லை. அக்காவுக்கு அதை நான்தான் மடிப்பு வைத்துக் கட்டிவிட்டேன், அப்போது எனக்குப் பதினாலு வயது. அவள் உங்களைச் சுற்றிப் பாட, ஊரே சிரிக்க, சத்தம் வெளியே வந்துவிடும் என்றுதான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சேலையைக் கேட்டேன். "இருமா, டிசம்பருக்கும் இதான் காஸ்ட்யூம்" என்றாள். ஏன் கூடாது என்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அவளுக்கும் இப்போது மாப்பிள்ளை பார்க்கிறோம் அண்ணே. அவள் அப்பாதான் பார்க்கிறார். அவளை யாரும் கேட்கவில்லை. இந்த நேரத்தில் அக்கா கதையை எந்த வாயால் சொல்வேன்?

உங்கள் தலையில் விழும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் எப்படியும் எழுதப்போகிறீர்கள் என்று சொல்லிக்கொண்டேன்.

அவளிடம் சொல்லிவிடாதீர்கள். காலில் விழுந்து கேட்கிறேன்.

பிரேமாவதி


கோலா கெத்தில்,
11 டிசம்பர் 2024

பிரேமாவதிக்கு,

இங்கே இருவரும் உயிரோடு இருக்கிறோம். அண்ணி உன்னை விசாரித்தாள். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

உன்னை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. "நான் தடுக்கமாட்டேன்" என்று எனக்கு நீ எழுதியபோது, உன் கடிதம் ஏற்கெனவே அலுவலகத்தில் இருந்தது. என்னை எழுத வைத்துவிட்டால் உன் பொய் மெய்யாகிவிடும் என்று காத்திருந்தாய். பஸ்ஸைச் சாக்குச் சொல்லி நீ எழுந்து போனதையே பதிமூன்று வருடம் மறக்காதவன் நான். இதை எத்தனை வருடம் வைத்திருப்பேன் என்று நீயே யோசித்துக்கொள்.

ஆனால் உன் மகள் எனக்கு ஒரு கடிதம் எழுதினாள். அப்பாவைப் பேய் கேட்கும் கேள்வியைப் பற்றி எழுதியிருந்தாள். அக்கா யாரையும் எதுவும் கேட்கவில்லை. அப்பா சொன்னதற்குத் தலையாட்டினாள், காபி கலந்து மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுத்தாள், கொஞ்சநாள் பேசாமல் இருந்தாள். பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று அப்பா எல்லாரிடமும் சொன்னார். இப்போது அதே கேள்வியை ஒருத்தி மைக் பிடித்துக் கேட்கிறாள், சனம் கைதட்டுகிறது. அந்த நாடகம் எனக்குப் பிடிக்கவில்லை. மட்டமான கூத்து. ஆனாலும் அந்த இடத்தில் அவள் வாயை அடைக்கும் ஆள் நானாக இருக்கமாட்டேன். நீயும் இருக்கக் கூடாது.

அதனால் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் தயார் செய்திருக்கிறேன். உன்னுடையதைப் போலவே மலாயில், தட்டெழுத்தில். சுங்கை பட்டாணியில் ஒரு கடையில் அச்சடித்தேன். அதில் இருப்பது இவ்வளவுதான்:

"அக்டோபர் மாதம் புக்கிட் செலம்பாவ் நாடகத்தைப் பற்றிப் புகார் எழுதியவன் நான். அன்று முன்வரிசையில் உட்கார்ந்து கேலிக்கு ஆளானவன். ஆத்திரத்தில் எழுதினேன். சேலையைப் பற்றிய வரியும் மற்றவையும் பொய். புகாரைத் திரும்பப் பெறுகிறேன். பிள்ளைகளுக்கு அனுமதி கொடுங்கள்."

அந்த வீடியோவை அந்த அலுவலகத்தில் பார்க்காதவன் இருக்கமாட்டான். நம்புவார்கள். ஷீலாவும் நம்புவாள், காலம் முழுக்க. நம்பட்டும்.

உனக்கு ஒரே ஒரு வேலை. அந்தச் சேலை மறுபடி மேடை ஏறக் கூடாது. அலமாரியைப் பூட்டித் திருட்டுத்தனமாகச் செய்யாதே. அவளை உட்கார வைத்து, அது யாருடையது, அக்கா எப்படிச் செத்தாள் என்று நீயே உன் வாயால் சொல். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன்னால் சொல். சொன்ன பிறகும் அதையே கட்டிக்கொண்டு ஆடுவேன் என்று அவள் சொன்னால், அது அவள் பாடு. நான் பார்க்க வரமாட்டேன்.

கடிதத்தின் அடியில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். பெயரில்லாமல் எழுதுகிறவன் கோழை என்று வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். மூடியைக் கழற்றி வெகுநேரம் வைத்திருந்தேன். செய்யாததைச் செய்ததாக என் பெயரைப் போட்டுச் சொல்ல என்னால் முடியாது. செய்தது யார் என்று சொல்லவும் முடியாது. வெள்ளி, சனி விடுமுறை முடிந்து ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறக்கும்போது அது அவர்கள் மேசையில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடாமலே இப்போது தபாலில் சேர்க்கப் போகிறேன்.